இரண்டு பூஜ்யம்

மணி ஒன்றே கால். கொட்டாரம் ஊரைத் தாண்டி வயலுக்கு நடுவே போகும் ஒற்றைச் சாலை. தெருவிளக்கு கிடையாது. ஸ்கூட்டரை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போனான் ஜஸ்டஸ்.

என் கூட்டாளி ஷாஜனுக்குச் சித்தி மகன் இவன். இந்தக் கதையை நம்பாதவர்கள் இவனிடம் நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம். கதவைச் சாத்தாமல் கேளுங்கள், அவ்வளவுதான்.

எண் பூட்டு செய்து கொடுப்பவன். ஒரு பொத்தான் பலகை, ஒரு மைக்ரோகன்ட்ரோலர், கதவுச் சட்டத்தில் ஒரு மின் தாழ்ப்பாள். நான்கு எண்களைச் சரியாக அழுத்தினால் தாழ் விலகும். மூன்று தடவை தப்பாக அழுத்தினால் முப்பது நொடி எதற்கும் மசியாது. திருடனுக்காக வைத்த ஏற்பாடு.

அந்தச் சாலையின் கோடியில் குடியிருந்த ஜெபதாஸ் கேட்டது திருடனுக்காக அல்ல. அவர் மனைவி பூங்கனிக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. நடுராத்திரியில் எழுந்து நெடுஞ்சாலைக்கு நடந்துவிடுவாள். அதனால் படுக்கையறைக்கு வெளிப்பக்கம் பூட்டு. உள்ளே பொத்தான் எதுவும் வேண்டாம் என்றார்.

ஆறு நாளைக்கு முன்னால்... உள்ளே பூங்கனி ஆஸ்துமா இழுத்து, மூச்சுமுட்டி அலறினாள். ஜெபதாஸ் அவசரத்தில் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினார். மூன்று தடவையும் தப்பு. ஆஞ்சிலி மரக் கதவு, அம்மிக்குழவியால் இடித்தும் அசையவில்லை. பூட்டு மறுபடி வேலை செய்து, கதவு திறந்தபோது அவள் கதவடியில் கிடந்தாள். விரல்கள் இடுக்குக்கு வெளியே நீண்டிருந்தன.

"எனக்க கைதான் மக்கா அவளக் கொன்னுது," என்று அடக்கத்தன்று அழுதார். ஜஸ்டஸ் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து, தான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தான். அதில் ஆயிரம் என்று எழுதினால்தான் ஒரு நொடி. முப்பதாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் முப்பது லட்சம். இரண்டு பூஜ்யம் கூடுதல். ஐம்பது நிமிடம். சரியான எண்ணை நூறு தடவை அழுத்திப் பார்த்தவன், தப்பான எண்ணை ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. விடிந்தால் பூங்கனியின் தம்பி ஆள் கூட்டிவந்து பூட்டைச் சோதிக்கப் போகிறார். அதற்குள் திருத்திவிட வேண்டும். ஜெபதாஸ் களியக்காவிளையில் அந்த மச்சினன் வீட்டில்தான் இருந்தார். சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கும். பூட்டு மாட்டிய நாளில் பார்த்து வைத்திருந்தான்.

உள்ளே வாடிய மாலையின் வாடை. லேப்டாப்பைக் கூடத்தில் வைத்துப் பூட்டோடு இணைத்தான். இரண்டு பூஜ்யத்தை அழித்தான். ஏற்றினான். மூன்று தடவை தப்பாக அழுத்திப் பார்த்தான். முப்பது நொடியில் பூட்டு மறுபடி உயிர்பெற்றது. முடிந்தது. இனி ஒருவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

கதவைத் திறந்து, தாழ் சரியாக உள்வாங்குகிறதா என்று டார்ச்சோடு அறைக்குள் ஓர் அடி வைத்தான்.

கதவு சாத்திக்கொண்டது. டக்.

கதவைச் சாத்தும் அளவுக்குக் காற்று இல்லை. போன் கூடத்தில். இவன் கூப்பிட வாயெடுத்தான்...

பீப்.

வெளியே யாரோ பொத்தானை அழுத்தினார்கள். பீப்... பீப்... பீப். பிறகு நீளமாக ஒரு சத்தம். தப்பு.

மறுபடி நான்கு. தப்பு.

மூன்றாம் தடவை அழுத்திய விரலுக்கு அவசரமே இல்லை. தப்பு.

முப்பது நொடிதான், என்று எண்ணினான். முப்பது... அறுபது... முந்நூறு. டார்ச் மங்கியது. பூங்கனிக்காக ஜன்னலையும் ஆணியடித்துச் சாத்திய அறை. நெஞ்சு அடைத்தது. காற்றுக்காகக் கதவடி இடுக்கில் முகத்தை வைத்தான்.

அந்தப் பக்கமும் ஒரு முகம் இருந்தது. விசில் போல மூச்சு. தைல வாடை. கன்னத்தில் சூடாகப் பட்டது. இவன் இழுக்கும்போது அது விட்டது. இவன் விடும்போது அது இழுத்தது.

எவ்வளவு நேரமோ. பிறகு நான்கு பீப். நிதானமாக. தாழ் விலகியது. கூடத்தில் யாரும் இல்லை. லேப்டாப் திரையில் முப்பதாயிரம் என்றுதான் இருந்தது.

விடியும்போதே ஸ்கூட்டரில் களியக்காவிளைக்குப் போனான். ஜெபதாஸ் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க கை இல்ல. நான்தான். ரெண்டு பூஜ்யம் கூடப் போட்டுட்டேன். ராத்திரி அத அழிக்கப் போனேன்."

எல்லாவற்றையும் சொன்னான். அடிப்பார் என்று நின்றான். அவர் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வலது கையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு எனக்கு ஒரு போன் வந்துது லேய். உனக்க நம்பர்ல இருந்து."

"எனக்க போனு கூடத்துல கெடந்துது அண்ணாச்சி..."

"பேசினது நீ இல்ல. முப்பது வருசம் கேட்ட குரலு, எனக்குத் தெரியாதா? 'ஜஸ்டஸ் உள்ள கெடக்கான், நீங்க வராண்டாம்'னா. 'அம்பது நிமிசம் ஆவட்டு, நானே தொறந்து விடுகேன்'னா."

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நானும் செரின்னு சொல்லிட்டு, திரும்பிப் படுத்துட்டேன் மக்கா."