நூற்றுப் பதினெட்டாம் வீட்டு வாளியை எடுத்த எங்கள் வாளியக்காவுக்கு

நாற்றத்தின் நடுவே நந்தவனம் நட்ட நாயகியே! ஊர் கொட்டிய குப்பையைக் கொடையென்று கையேந்திக் கொண்ட கோமகளே! மூடியைத் திறந்த மாத்திரத்தில் வீட்டின் முழுக் கதையையும் சொல்லிவிடும் மூக்குக்குச் சொந்தக்காரரே! நான்கு தெருக்கள், இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், பத்து உரக்குழிகள், ஒரே ஒரு தள்ளுவண்டி என்று இருபத்தேழு ஆண்டுகளை ஓட்டிவிட்டு, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் எங்கள் வாளியக்காவே! வணக்கம்.

இம்மடல் எழுதப்பட்ட தாள் புதிதன்று. பழைய எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தை ஒட்டிச் செய்தது. சட்டம், இடித்த வீடொன்றின் ஜன்னலிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்தை நீட்டினால் கொடுத்தவர் தலையிலேயே போடுவீர்கள் என்று தெரிந்ததால் பூங்கொத்து இல்லை. உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில், முக்காலியின்மேல், பச்சைத் துணி போர்த்தி ஒன்று இருக்கிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். மூடியிருக்கும் எதைக் கண்டாலும் உங்கள் கை பரபரக்கும் என்பது எங்களுக்குத் தெரியாதா? கொஞ்சம் பொறுங்கள், அக்கா. இதைப் படித்து முடித்தபின் நீங்களே திறக்கலாம். துணி ஈரமாக இருக்கிறதே என்று மட்டும் கேட்காதீர்கள். காலையிலிருந்து மூன்று துணி மாற்றிவிட்டோம்.

உழைப்பின் உருவே! நீங்கள் வந்தபோது இந்த இடம் என்ன இடம்? பழைய கிடங்கின் பின்னால் ஆள் உயரத்துக்குக் குப்பை. வெயில் ஏறி நாற்றம் எழும் எட்டு மணிக்குமேல் யாரும் அந்தப் பக்கம் ஜன்னல் திறந்ததில்லை. இன்றோ மட்கிய உரம் மணக்கிறது, நாற்றுகள் நிமிர்கின்றன, எழுபது மொட்டைமாடிகளில் கத்தரியும் கீரையும் காய்த்துக் குலுங்குகின்றன. வீடு வீடாய்ப் போய் வாளி கொடுத்தவர் நீங்கள். ஒவ்வொரு வாளியிலும் வெள்ளை வண்ணத்தில் வீட்டு எண் எழுதியவர் நீங்கள். காலை ஆறு மணிக்கு வாளி வாசற்படியில் இருக்க வேண்டும், வீடு காலி செய்து போகிறவர்கள் வாளியைக் கழுவி வாசலில் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும் என்று முறை வகுத்தவரும் நீங்களே. கவிழ்ந்த வாளியைக் கண்டால், "போயிட்டாங்கப்பா, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி எடுத்துவருவீர்கள். எத்தனை வாளிகளை அப்படி எடுத்துவந்தீர்கள்!

மோப்பத்தின் முனைவரே! "முப்பத்தொண்ணுல காய்ச்சல், எல்லாம் கஞ்சித்தண்ணி" என்பீர்கள். மறுநாள் அந்த வீட்டு வாசலில் மருத்துவர் நிற்பார். "எழுபதுல விருந்தாளி வந்து நாலு நாளாச்சு, இன்னும் கிளம்பல, பாவம்" என்பீர்கள்; உரம் சலிக்கும் சல்லடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். வாய் திறந்து ஒருவர் சொல்லாததை வாளி திறந்து தெரிந்துகொண்ட வல்லவர் நீங்கள். அப்படிப்பட்ட நீங்கள், ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வாளியைத் தவறாகப் படித்தீர்கள்.

இதை மேடையில் சொல்லலாமா என்று உங்களோடு உரக்கூடத்தில் வேலை பார்க்கும் நாங்கள் நால்வரும் மூன்று நாள் மல்லுக்கட்டினோம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஒன்பது ஆண்டுகளாகத் தெரு முழுக்கத் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத சங்கதியை, நீங்கள் போகும் நாளிலாவது உடைத்துப் பேசவில்லை என்றால் எங்களுக்குச் சோறு இறங்காது.

மூன்றாம் தெருவின் கடைசி வீடு, நூற்றுப் பதினெட்டு. இரண்டு படி, நீலக் கதவு. தனியாக இருந்தவர் கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். தினம் ஓர் ஆரஞ்சு; தோலை எங்கும் அறுபடாமல் ஒரே சுருளாக உரித்து வாளியில் வைப்பார். மேலே கொஞ்சம் தேயிலைச் சக்கை. நீங்கள் படியில் நின்று "வந்துட்டேன் சார்" என்பீர்கள். உள்ளேயிருந்து "எடுத்துக்கோம்மா" என்று குரல் வரும். பதினெட்டு ஆண்டு காலத்தில் உங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அந்நாளில் ஒரு விதி இருந்தது. மக்கும் குப்பையோடு மக்காததைக் கலந்தால் வாளியின் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன். ஏழு நாள் அந்த வாளியை யாரும் தொடக்கூடாது. ஒரு திங்கட்கிழமை, நூற்றுப் பதினெட்டின் வாளியில் ஆரஞ்சுத் தோலுக்கு அடியில் மாத்திரை அட்டைகள் கிடந்தன. நான்கு அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை. "இத்தன வருஷம் ஒழுங்கா இருந்த மனுஷன், இப்படிப் பண்ணிட்டாரே" என்று கோபத்தோடு ரிப்பனைக் கட்டினீர்கள். இரண்டு சுற்று, ஒரு பூ முடிச்சு. அந்த முடிச்சு உங்களைத் தவிர யாருக்கும் வராது. எடைபோடும் நான் பக்கத்தில்தான் நின்றேன். அட்டை பிரிக்காமல் கிடக்கிறதே என்று எனக்கும் உறைக்கவில்லை. வண்டிக்காரருக்கும் உறைக்கவில்லை. குப்பையைக் குப்பையாக மட்டும் பார்த்துப் பழகிய கண் எங்களுக்கு.

எட்டாம் நாள் அவிழ்க்கப் போனீர்கள். வாளி இருந்தது, ரிப்பன் இல்லை. குரல் கொடுத்தீர்கள், பதில் இல்லை. வண்டிக்காரர் கதவை உடைத்தார். ரிப்பன் கட்டிய மூன்றாம் நாளே அவர் போய்விட்டார் என்று மருத்துவர் சொன்னார். ஐந்து காலை அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறோம். வீடெல்லாம் தேடியும் ரிப்பன் கிடைக்கவில்லை. நீங்கள் படியிலேயே உட்கார்ந்து, "மருந்தத் தூக்கிப் போட்டவர்கிட்ட ஏன்னு கேக்காம, குப்பையப் பிரிச்சுப் போடலன்னு தண்டனை குடுத்துட்டேனே, பாவி" என்று அழுதது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

வீட்டைப் பூட்டினார்கள். குடிநீர் இணைப்பைத் துண்டித்தார்கள், மின்சாரத்தையும் துண்டித்தார்கள். வாளியைக் கொண்டுவந்து சாமான் அறையில் போட்டுப் பூட்டினோம். அடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்கு, நூற்றுப் பதினெட்டாம் வீட்டு வாசற்படியில் வாளி இருந்தது. உள்ளே ஒரே சுருளாக ஓர் ஆரஞ்சுத் தோல். மேலே தேயிலைச் சக்கை. தொட்டால் இன்னும் சூடு.

யாரோ விளையாடுகிறார்கள் என்று வண்டிக்காரர் தெருவே அதிரக் கத்தினார். மறுபடி கொண்டுவந்து இரண்டு பூட்டுப் போட்டோம். மறுநாள் காலை பூட்டு பூட்டியபடி இருந்தது, வாளி படியில் இருந்தது. அப்போது நீங்கள் சொன்னீர்கள்: "விடுங்கப்பா. அது எனக்கு வெச்ச வாளி." அன்றிலிருந்து ஒன்பது ஆண்டு, மழையோ வெயிலோ, நீங்கள் மட்டும் தனியாகப் படியேறி "வந்துட்டேன் சார்" என்று சொல்லி, உள்ளேயிருந்து வராத பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்து, எடுத்து வந்தீர்கள். நாங்கள் தெருமுனையில் வண்டியைப் பிடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்போம். தராசில் நான் வைக்கும்போது ஒவ்வொரு நாளும் நூற்று நாற்பது கிராம். ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. தராசு கெட்டுப்போயிற்றோ என்று இரண்டு முறை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

எங்களை மன்னியுங்கள் அக்கா, உங்களிடம் மறைத்தது ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுக்கு முன் கால் பிசகி மூன்று நாள் விடுப்பில் இருந்தீர்களே, அந்த மூன்று நாளும் நூற்றுப் பதினெட்டை எடுத்தோம் என்று சொன்னது பச்சைப் பொய். நமக்கெதுக்கு வம்பு என்று வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டோம். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் வண்டியின் கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன். மூன்றாம் நாள் காலை நான்கு தெருவிலும் நூற்றுப் பதினெட்டைத் தவிர இருநூற்றுப் பதினோரு வாளியிலும் ரிப்பன். இரண்டு சுற்று, ஒரு பூ முடிச்சு. சாமான் அறையில் அரைச் சுருள் ரிப்பன்கூட மிச்சம் இருக்கவில்லை. சல்லடைக்காரம்மா, "அக்கா ராத்திரி வந்துச்சா?" என்று நடுங்கினார். "கட்டுப்போட்ட காலோட இருநூறு வாசல் ஏறுமாடி?" என்று வண்டிக்காரர் எரிந்துவிழுந்தார். நண்பகல் வரை அவிழ்த்தோம். கேட்டவர்களிடமெல்லாம் 'விழிப்புணர்வு வாரம்' என்று புளுகினோம். கோணியில் கட்டி வைத்த ரிப்பன்களை மறுநாள் பார்த்தால், கோணி காலி.

இருந்தும், தூய்மையின் தாயே, அந்தத் தவற்றிலிருந்து நீங்கள் செய்ததை நினைக்கும்போது பயம் போய்ப் பெருமை வருகிறது. ரிப்பன் விதியை உங்கள் கையாலேயே கிழித்தீர்கள். வாளியில் வேறுபாடு தெரிந்தால் முதலில் கதவைத் தட்ட வேண்டும், "என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும், குப்பையைப் பிறகு பார்க்கலாம் என்றீர்கள். சமைத்த சாப்பாட்டைச் சட்டியோடு தினம் கொட்டிய பச்சைப்பிள்ளைக்காரியின் கதவைத் தட்டினீர்கள். இன்று அவர் நம் விதைக்கூடத்தை நடத்துகிறார், குழந்தையோடு மூன்றாம் வரிசையில் இருக்கிறார். இரண்டு நாளாய் வாளி வைக்காத தையல்காரரைக் குளியலறையில் விழுந்து கிடந்த நிலையில் கண்டெடுத்தீர்கள். ஊர்கள் பலவற்றில் உரம் செய்கிறார்கள். கதவைத் தட்டி உரம் செய்தவர் நீங்கள்.

சென்ற மாதம் ஓய்வுக் கடிதம் வந்தபோது, "இன்னும் ஒரு வருஷம் குடுங்க, நூத்திப் பதினெட்ட யாரு எடுப்பா?" என்று செயலாளர் ஐயாவிடம் கெஞ்சினீர்கள். "காலி வீட்டுக்கு வாளி எதுக்கும்மா?" என்றார் அவர். வண்டிக்காரரிடம் கேட்டீர்கள். "அக்கா, எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு" என்று தலை குனிந்துகொண்டார். நாற்றுக்காரர் கேட்காத மாதிரி நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று உங்கள் முகம் போன போக்கை நாங்கள் நால்வரும் பார்த்தோம். ஒன்பது ஆண்டுக் கடனை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போக உங்களால் முடியாது என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, அக்கா.

ஆகவே, முறை போட்டுக்கொண்டோம். ஆளுக்கு ஒரு நாள். முதல் நாள் மட்டும் துணைக்குத் துணையாக நால்வரும் சேர்ந்து போவது என்று முடிவு. விழாவுக்குத் தயாராகுங்கள், காலையில் வர வேண்டாம் என்று உங்களைத் தடுத்தது அதற்காகத்தான்.

இன்று காலை ஆறு மணி. நீலக் கதவின் பூட்டு துருவேறிப் பூட்டியபடி இருந்தது. வழக்கத்துக்கு மேலே குரலை உயர்த்தி வண்டிக்காரர்தான் சொன்னார்: "வந்துட்டோம் சார்." இரண்டு படியும் நனைந்திருந்தன. தண்ணீர் கதவிடுக்கிலிருந்து இறங்கித் தெரு வரை ஓடியிருந்தது. ஒன்பது ஆண்டாகக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாத வீடு அது. மேல்படியில் நூற்றுப் பதினெட்டாம் எண் வாளி, பளிச்சென்று கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது.

அதன்மேல் ஒரு சிவப்பு ரிப்பன். வெளிறிப்போய், துவைத்து, நான்காக மடித்தது. இரண்டு சுற்றும் ஒரு பூ முடிச்சும் இருந்த தடம் அதில் இன்னும் தெரிகிறது.

சல்லடைக்காரம்மா அழுதார். நாற்றுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நீங்கள் சொல்ல வேண்டியதை உங்களுக்காக நான் சொன்னேன்: "போயிட்டாங்கப்பா, நல்லா இருக்கட்டும்." ரிப்பனோடு வாளியை எடுத்துவந்தோம்.

மண்ணுக்கு மறுபடி உயிர் தந்த மாதரசியே! இனி எந்த வாசலும் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தால் புரண்டு படுங்கள். மூட்டு வலியில்லாமல் படியேறி, மூச்சு வாங்காமல் மாடித்தோட்டம் பார்த்து, பேரப்பிள்ளைகள் பெயரன் எடுக்கும்வரை பெருவாழ்வு வாழுங்கள். உங்கள் வாளியில் என்றும் நல்ல சமையலின் தோலும் தண்டும் மட்டுமே விழட்டும். ஒரு நாள் வாளி வைக்க மறந்தாலும் உங்கள் கதவை நாங்கள் தட்டுவோம். நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் நூற்றுப் பதினெட்டாம் வாசலில் நின்று, ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் தெருவைத் தாண்டுவோம்.

இப்போது துணியை எடுங்கள், அக்கா. அது உங்களுக்கு வைத்தது.

என்றும் உங்கள் அன்பில் நனைந்த,
எடைக்காரர், வண்டிக்காரர், சல்லடைக்காரம்மா, நாற்றுக்காரர்
நான்கு தெரு உரக்கூடப் பணியாளர்கள்