நாலாவது கைப்பிடி

...பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்திப் பேச எனக்குப் பெரிய வார்த்தை எதுவும் தெரியாதுங்க. பந்திக்கு இலை போடுற வரைக்கும் ஒரு குட்டிக் கதை சொல்றேன். கேப்பீங்களா?

தூத்துக்குடியில ரோஸ்லின்னு ஒரு அக்கா. வீட்டுக்காரர் ஜெரால்டு, மாமனார், மக ஜெனி... அக்காவோட சேத்து நாலு பேர். ஒருநாள் சாயங்காலம் அக்கா போன்ல ஒரு வீடியோ பாக்குறாங்க. தாய்லாந்து. ஒரு ஆறு... ஆத்துல ஒரு படகு... படகுல ஒரு அடுப்பு. ஒரு பொம்பள நூடுல்ஸ் வதக்குறா. ஆவி எழும்பி, தண்ணி மேல மெதுவா பரவுது... வதக்கி முடிச்சவ தட்டை மடியில வச்சு, காலை ஆத்துல தொங்கப் போட்டு, சுடச்சுட... தானே சாப்பிடுறா!

அக்கா அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பாக்குறாங்க. ஏன்? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அக்கா சூடா ஒரு வாய் சாப்பிட்டதில்ல. யாரும் தடுக்கல. எல்லாருக்கும் வச்சு, மறுசோறு வச்சு, அப்புறம் உக்காருவாங்க... அதுக்குள்ள ஆறிடும். அவ்வளவுதான்.

துணி காயப்போடும்போது அந்த ஆறு வருது. பஸ் ஜன்னலோரம் அந்தப் படகு கூடவே வருது...

ஞாயித்துக்கிழமை செஞ்சே பாத்துட்டாங்க. அதுக்கு என்ன வேணும்? புளி, கருப்பட்டி, பூண்டு, வறுத்த கடலை, காஞ்ச இறால் பொடி... எல்லாம் நம்ம அடுப்படியில இருக்குறதுதான். அரிசி நூடுல்ஸ் மட்டும் கடையில வாங்கி ஊற வச்சாங்க. ஆனா நம்ம வீட்டுல யாரு ஒரு ஆளுக்குன்னு சமைக்கிறா? நாலு பேருக்கும் மொத்தமா ஒரே சட்டியில போட்டுக் கிண்டினாங்க. என்ன ஆச்சு?

"ஏ ரோசு, பசை காய்ச்சியிருக்கியா?"ன்னாரு ஜெரால்டு.

மாமனார் சும்மா இருப்பாரா? "தூரப் போட்டுராதம்மா. தேர்தல் வருதுல்லா, போஸ்டர் ஒட்ட ஆகும்."

அக்கா மறுபடி வீடியோவைப் பாத்தாங்க. அப்பத்தான் தெரிஞ்சுது... அந்தப் பொம்பள ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி நூடுல்ஸ்தான் போடுறா! சட்டி புகையணும், கை விரசா ஓடணும். ஒரு தட்டு இறங்கின பிறகுதான் அடுத்த தட்டு.

அடுத்த ஞாயிறு. நாலு கைப்பிடி ஊறுது. முதல் கைப்பிடி மாமனாருக்கு. "ம்ம்... புளியோதரைக்குச் சித்தப்பா மக மாதிரில்லா இருக்கு!" ரெண்டாவது ஜெனிக்கு. மூணாவது ஜெரால்டுக்கு. அவர் தட்டை வழிச்சுச் சாப்பிட்டு, எந்திரிச்சு நேரா அடுப்படிக்கே வந்துட்டாரு.

"ரோசு... இன்னொரு தட்டு போடு."

சட்டி புகையுது. அக்கா கையில நாலாவது கைப்பிடி. இங்க உக்காந்திருக்குற அம்மாமாரே, நீங்க என்ன செய்வீங்க? சொல்லவே வேண்டாம்... எனக்குத் தெரியும்.

அக்கா கண்ணை மூடினாங்க. ஆறு... படகு... ஆவி...

கண்ணைத் திறந்தாங்க. "இல்லங்க. இது எனக்கு."

சத்தமா சொல்லல. கோவமா சொல்லல. ஆனா கை நடுங்குது. அந்த நடுக்கத்தோடயே வதக்குறாங்க. முட்டை... முளைவிட்ட பயறு... மேல பொடிச்ச கடலை. தட்டை எடுத்துக்கிட்டு அடுப்படிப் படியில உக்காந்தாங்க. ஜெரால்டு காலித் தட்டோட நிக்கிறாரு. தட்டைக் கீழ வச்சாரு. எலுமிச்சம்பழ மூடி ஒண்ணை எடுத்தாரு... அக்கா தட்டு மேல பிழிஞ்சாரு.

"கடைசியில அந்தப் பொம்பள இதைப் பிழிவாள்ல? மறந்துட்டியே."

அப்போ... அவரும் பாத்திருக்காரு! அக்கா முதுகுக்குப் பின்னாடி நின்னு, அந்த ஆத்தை அவரும் பாத்திருக்காரு!

"சாப்பிடு ரோசு. ஆறிரும்."

மாப்பிள்ளை, உங்ககிட்டத்தான் சொல்றேன். எங்க பூங்கோதை வாயைத் திறந்து கேக்க மாட்டா. விடுதியில நாங்க ஒண்ணா இருந்தப்போ, அவளோட கடைசி இட்லி எப்பவும் என் தட்டுக்குத்தான் வரும். நீங்க இன்னொரு தட்டு கேக்குறது தப்பே இல்ல. கேக்குறதுக்கு முன்னாடி, அவ கையில இருக்குற கைப்பிடி யாருக்குன்னு மட்டும் பாத்துக்கோங்க.

பூங்கோதை, நீயும் கேளு. "இது எனக்கு"ன்னு சொல்லப் பழகு. நடுங்கினா நடுங்கட்டும்... சொல்லிடு.

அதோ, இலை போட ஆரம்பிச்சுட்டாங்க. பொண்ணு மாப்பிள்ளைக்குக் கடைசிப் பந்திதான், முதல்ல போட்டோன்னு சொல்லுவாங்க. கேக்காதீங்க. ரெண்டு பேரும் மேடையை விட்டு இறங்குங்க... சோறு சூடா இருக்கு.