ஓர்ஃபா அம்மையார் உட்கார்ந்த முன் இருக்கை

மதிப்பிற்குரிய போதகர் ஹோலிஸ் அவர்களே! மாவட்டத் தேர்தல் குழுவிலிருந்து வந்திருக்கும் தலைவி அவர்களே! துணைவியாரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எல்வுட் ஸ்டாஃபர் அவர்களே! பிளம் ரன் ஊர் வாக்காளப் பெருமக்களே, இரு கட்சித் தோழர்களே!

உங்கள் முன் நிற்கும் இந்த டெல்பர்ட் கின்னி ஜனநாயகக் கட்சிக்காரன். இந்த ஊரில் எங்கள் கட்சிக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து விருந்து போட்டாலும் நாற்காலி மிஞ்சும். மறைந்த ஓர்ஃபா ஸ்டாஃபர் அம்மையாரோ குடியரசுக் கட்சியின் தூண்! பிறகு அவருடைய நினைவுக் கூட்டத்தில் எனக்கு என்ன வேலை? சொல்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக, ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப்பதிவு முடிந்ததும், முத்திரையிட்ட வாக்குப் பெட்டியை இந்தக் கூடத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு, வாக்குச்சாவடி அலுவலர்களான நாங்கள் இருவரும்தான் கொண்டுபோனோம். ஒரே காரில் போனோம். ஒரு கட்சிக்காரர் தனியாகப் பெட்டியைத் தொடக்கூடாது, மறு கட்சிக்காரர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் போட்ட சட்டம் அது. அந்தச் சட்டம்தான் எனக்கு இப்படி ஓர் அக்காவைக் கொடுத்தது!

நம் ஊரில் நவம்பர் தேர்தல் பேருக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியாதா? மே மாதம் குடியரசுக் கட்சிக்குள் நடக்கும் போட்டியில் யார் தேறுகிறாரோ, அவர்தான் நவம்பரில் வெல்வார். அதனால் எங்கள் ஆட்களே மே மாதம் மேசை முன் வந்து, எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று நாங்கள் கேட்டால், குரலைத் தாழ்த்திக் குடியரசுக் கட்சியின் சீட்டைக் கேட்பார்கள். மாவட்டக் காவல் தலைவரான பழைய ஷெரீப்பை எப்படியாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று என் சொந்த மைத்துனனே ஒருமுறை அப்படிக் கேட்டான். அம்மையார் சீட்டை நீட்டியபடியே சத்தமாகச் சொன்னார்: "வாங்க வாங்க, இன்னிக்கு ஒரு நாளைக்கு நீங்க நம்ம கட்சி. டெல்பர்ட்டு, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ. உன் மச்சான் வெக்கப்படறாரு!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஓட்டுப் போட்ட ஊர் இது! அந்த ஊர் எங்கே போயிற்று?

சென்ற நவம்பரில் அம்மையாரின் கட்சி வேட்பாளர் நம் ஊரில் வென்றார், மாநிலத்தில் தோற்றார்; எண்ணிக்கையில் மோசடி என்று அவர் கட்சியிலேயே சிலர் கிளம்பினார்கள். நம் ஊர் எண்ணிக்கை சரியே என்று அம்மையார் கையெழுத்திட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்! அதற்குப் பிறகு அவர் வீட்டுத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. எடுத்தால் ஓர் ஆண் குரல். திட்டாது, மிரட்டாது. அவருடைய வீட்டு முகவரியை நிதானமாகச் சொல்லும், சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லும். பிறகு வைத்துவிடும்.

"திட்டினாலாவது நானும் நாலு வார்த்தை திட்டுவேன் டெல்பர்ட்டு," என்றார் என்னிடம். "என் வீட்டு அட்ரஸ எனக்கே சொல்றவன்கிட்ட என்னன்னு பேசறது?"

இந்த மே மாதம் நாங்கள் பெட்டியோடு கிளம்பியபோது பொழுது இன்னும் சாயவில்லை. ஒரு பிக்கப் வண்டி எங்கள் காரை ஒட்டியே வந்தது. ஓட்டியவர் வேட் மெஸ்லர், அம்மையாரின் கட்சிக்காரர். பகல் முழுவதும் இந்தக் கூடத்துக்கு வெளியே நின்று, வருவோர் போவோரையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்தவர். அவர் இங்கே இருந்தால் என்னைக் கோபிக்க வேண்டாம், நடந்ததைத்தான் சொல்கிறேன். அவர் வண்டிக்குள் துப்பாக்கி மாட்டியிருந்தது. இந்த ஊரில் யாரிடம் இல்லை, என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அன்று அதைக் கண்ணாடியில் பார்த்ததும் காரின் வேகத்தைக் கூட்டினேன்.

"ஓரமா நிறுத்து," என்றார் அம்மையார்.

"வேணாங்க்கா! பெட்டி இருக்கு!"

"பெட்டிய நீ பாத்துக்கோ. என்ன ஆனாலும் இறங்காதே."

இறங்கி நடந்து போனார். அவர் வயதில், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு! ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாமே என் காதில் விழுந்தது.

"நான் உங்கள நம்பல ஓர்ஃபாம்மா," என்றார் வேட்.

"நம்பாதேப்பா. நானும் பதினெட்டு வருஷமா டெல்பர்ட்ட நம்பல. அதனாலதான் பக்கத்துலயே உக்காந்து போறேன். நீ தாராளமா பின்னாடி வா, ஆனா இப்படி ஒட்டி வராதே. அவன் பயந்த சுபாவம், பிரேக் போட்டுத் தொலைச்சான்னா மூணு பேருக்கும் சேத்து இங்கேயே குழி வெட்டணும்."

திரும்பி வந்து உட்கார்ந்தவரால் சீட் பெல்ட்டை மாட்ட முடியவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன்.

"பயந்துட்டீங்களாக்கா?"

"செத்தே போயிட்டேன். வாய மூடிக்கிட்டு ஓட்டு."

போன மாதம் தக்காளிப் பாத்தியில் விழுந்து இறந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இதயம் சென்ற நவம்பரிலிருந்து என்ன பாடு பட்டது என்று நான் அறிவேன்!

சென்ற வாரம் என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. இந்த முறை என் முகவரி. சபையோரே, மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. கதவைத் தாழிட்டுவிட்டு, தாழ் விழுந்ததா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறேன். இப்போது உங்களிடம் பேசும்போதும் என் கண் அந்த வாசலுக்கே போகிறது.

குடியரசுக் கட்சியிலிருந்து ஒருவர் அம்மையாரின் இடத்துக்கு வராவிட்டால், நவம்பரில் இந்தக் கூடத்தில் வாக்குப்பதிவு கிடையாது. எல்லோரும் தலைநகருக்குப் போக வேண்டும். கார் இல்லாதவர்கள் போவார்களா? பால் கறக்கும் நேரத்தை விட்டுவிட்டு யார் போவார்? வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "என் பொண்டாட்டி வேணாங்கறா," என்றார் ஒருவர். "புள்ளைங்க இருக்குதே டெல்பர்ட்டு," என்றார் இன்னொருவர். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கே இல்லாத துணிச்சலை அவர்களிடம் நான் எப்படிக் கேட்பது?

ஆனாலும் ஓர்ஃபா அம்மையாரின் பெயரால் கேட்கிறேன். அவர் கட்சிக்காரர் ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து நில்லுங்கள்.

யாருமே இல்லையா?

யார் அது? சுவரோரமாக நிற்பவர், கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாருங்கள்... வேட் மெஸ்லரா?

அமைதி! தயவுசெய்து அமைதி! எல்வுட், நீங்கள் உட்காருங்கள். அவர் சொல்லட்டும்.

"நான் வர்றேன்," என்கிறார். "ஆனா இப்பவும் உங்கள நம்பல," என்கிறார்.

வேட், தொலைபேசியில் பேசிய குரல் இதுதானா என்று என் காது தேடுகிறது. எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கவும் போவதில்லை. நீங்களாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அந்த இடத்தில் உட்கார என்னை நம்ப வேண்டிய அவசியம் இல்லை. ஓர்ஃபா அம்மையார் விட்டுச்சென்ற பணியை நாம் இருவரும் சேர்ந்தே செய்வோம் என்று, அவர் கணவர் முன்னால் உறுதி கூறுகிறேன். பின்னால் வரும் வண்டியில் வேண்டாம், என் காரில், என் பக்கத்தில் உட்காருங்கள். எனக்கும் பயம்தான், உங்களுக்கும் பயம்தான், இங்கிருந்தே தெரிகிறது. சீட் பெல்ட்டை மாட்ட முடியாவிட்டால் நான் மாட்டிவிடுகிறேன்.

வாருங்கள்.