துளையிடாத வெள்ளி டாலர்

மணல்காற்று வீசும் நாட்களில் சவூதியின் அல் கோபாரில் வியாபாரம் மந்தமாக இருக்கும். அன்று மாலைவரை ஒரு கைக்கடிகாரத்துக்கு வார் மாற்றிக் கொடுத்ததோடு சரி. 1995, மார்ச். பழைய நாணயங்களும் கடிகாரங்களும் விற்கும் அந்தக் கடையில் எனக்கு எட்டாவது வருடம்.

தொழுகை நேரத்துக்குச் சற்று முன்னால் ராக்கப்பன் வந்தார். எண்ணெய்க் கம்பெனிக் குடியிருப்பில் தோட்டவேலை செய்பவர். வேலை முடிந்து அமெரிக்கா திரும்பிய ஒரு இன்ஜினியர் அவருக்கு ஒரு வெள்ளி டாலரைப் பரிசாகக் கொடுத்திருந்தார்.

"நவரத்தினம்ண்ணே, அசல் வெள்ளியான்னு பாருங்க. நாளைக்கு ஊருக்குப் போறேன். தொழுகை முடிஞ்சு பக்கத்துப் பட்டறை திறந்ததும் ஓட்டை போட்டு வளையம் மாட்டணும். மக கழுத்துக்கு."

"ஓட்டை போட்டால் அதின்ர மதிப்பு போயிடும். எனக்குத் தாங்கோ. இருநூறு ரியால் தாறன்."

"நல்லாருக்கே கதை. லெட்டர்ல சொல்லிப்புட்டேன். அன்னையிலேருந்து கழுத்தத் தேச்சுத் தேச்சுக் கழுவுறாளாம்."

முதலாளி ஷட்டரை இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். முஸ்லிம் அல்லாத நாங்கள் இருவரும் உள்ளேயே இருந்தோம். அது வழக்கம்தான். நான் லென்ஸை எடுத்தேன். ஆண்டு 1893. பின்பக்கத்தில், இலை வளையத்துக்குக் கீழே, கடுகளவு 'எஸ்'. சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் அடையாளம் அது. அங்கே அந்த ஆண்டு ஒரு லட்சம்தான் அடித்தார்கள். அதுவரை படத்தில் மட்டும் பார்த்திருந்தேன். நூறு வருடம் யாரும் கெடுக்காமல் வைத்திருந்த பொருளை அரைமணி நேரத்தில் துளைத்துவிடுவார்கள். அதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

புழுதியில் ராக்கப்பனுக்கு மூச்சு இழுத்தது.

"அண்ணே... பையில பம்பு."

பை என் காலடியில் இருந்தது.

"பொறுங்கோ," என்றேன்.

எழுத்தை ஒட்டவைத்த போலிகள் உண்டு. அவசரப்பட்டுப் பார்க்கக் கூடாது. அவர் கண்ணாடி மேசையை இரண்டு முறை தட்டினார். நான் பையைக் காலால் மேசைக்கு அடியில் உள்ளே தள்ளினேன். பிறகு விலைப்புத்தகத்தில் இருந்த படத்தோடு எழுத்தை ஒப்பிட்டேன். அசல்தான்.

ஷட்டர் ஏறியபோது அவர் அமைதியாக இருந்தார். இறப்புச் சான்றிதழில் ஆஸ்துமா என்று டாக்டர் எழுதினார். அதில் பொய் இல்லை.

நாணயத்தை நான் விற்கவில்லை. எனவே இதைப் பேராசை என்று சொல்வது சரியாகாது. அவருடைய சாமான்களோடு ஊருக்கு அதே அளவில் வேறொரு டாலரை அனுப்பினேன். மலிவான வகைதான், ஆனால் பளபளப்பானது. துளை போட்டு, வளையமும் என் செலவில் மாட்டினேன். அந்தக் குழந்தைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.