சம்பந்திகளின் எரிமலைப் பந்தயம்

ஓக்சுன்: நீங்க முன்னால போங்க சம்பந்தி. என் ஷூ கயிறு அவுந்துடுச்சு.

மல்சுக்: மறுபடியுமா? நிதானமாக் கட்டுங்க. நான் நிக்கிறேன்.

ஓக்சுன்: ஐயோ, எனக்காக நிக்கலாமா? பந்தயம்னா பந்தயம்தான்.

மல்சுக்: பொண்ணைக் கொடுத்தவ மாப்பிள்ளையோட அம்மாவை முந்திப் போனா நல்லாவா இருக்கும்?

ஓக்சுன்: நேத்து சாப்பிடும்போது பந்தயம் கட்டினதே நீங்கதானே? "இந்த புரோமோ எரிமலை உச்சியை யார் முதல்ல தொடுறாங்களோ, சுசொக் அறுவடைப் பண்டிகைக்குப் பிள்ளைங்க அவங்க வீட்டுக்கு"ன்னு...

மல்சுக்: பின்ன? "ஒரு வீட்டுக்குத்தான் வருவோம், எந்த வீடுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க"ன்னு ரெண்டும் நம்மளை விமானம் ஏத்திவிட்டுடுச்சு. வந்ததுலேருந்து "உங்க வீட்டுக்கே வரட்டும்", "இல்ல, உங்க வீட்டுக்கே"ன்னு உபசாரம் பண்ணித் தொண்டையே வறண்டுபோச்சு.

ஓக்சுன்: அது மரியாதைக்குச் சொன்னது. எந்தத் தாய்க்கு ஆசை இருக்காது?

மல்சுக்: அதானே... இருக்காதா பின்ன... வெள்ளரிக்காய் சாப்பிடுறீங்களா?

ஓக்சுன்: இன்னொண்ணா? மலை ஏறுறோமா, விருந்துக்கு வந்திருக்கோமா?

மல்சுக்: வெள்ளரிக்காய் இல்லாம ஒரு மலையா? மெதுவா மெல்லுங்க. அவசரமே இல்ல.

ஓக்சுன்: இந்தக் கந்தக நாத்தத்துல எல்லாமே அழுகின முட்டை மாதிரிதான் இருக்கு.

மல்சுக்: குதிரைக்காரர் பின்னாலயே வர்றார் பாருங்க. ஏறிக்கோங்களேன். படிக்கட்டு வரைக்கும் சுகமாப் போகலாம்.

ஓக்சுன்: ஞாயிறு தவறாம மலை ஏறுறவ நான்! நீங்க ஏறுங்க. உங்களுக்குத்தான் முட்டி வலி.

மல்சுக்: என் முட்டிக்கு என்ன... ஆமாமா, வலிக்குது. பயங்கர வலி. குதிரை குலுக்கினா இன்னும் மோசம்.

ஓக்சுன்: காலைச் சாப்பாட்டு வரிசையில எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டு ஓடினப்போ வலிக்கலையா?

மல்சுக்: அது சமதரை.

ஓக்சுன்: ...கேட்டீங்களா? ஏதோ உறுமுச்சு.

மல்சுக்: என் வயிறுதான்.

ஓக்சுன்: உங்க வயித்துலேருந்து புகை வருமா?

மல்சுக்: அட, மலைதான்! அப்ப நான் திரும்பிடறேன். தோத்ததா வெச்சுக்கோங்க.

ஓக்சுன்: அதெப்படி? நான்தான் முதல்ல திரும்புவேன்!

மல்சுக்: கையை விடுங்க சம்பந்தி!

ஓக்சுன்: வழிகாட்டியம்மா சிரிக்கிறாங்க. தினமும் இப்படித்தான் உறுமுமாம்.

மல்சுக்: ஓ... அப்ப ஏறித்தான் ஆகணுமா? ...பின்னால யாரு, ஊதா சட்டை போட்டுக்கிட்டு?

ஓக்சுன்: நம்ம நாட்டுப் பூசான் ஊர்க்காரங்க கூட்டம். "பாட்டிங்களா, கீழேயே நின்னு போட்டோ எடுத்துக்கோங்க"ன்னு ஹோட்டல்ல சொன்னாங்களே, அவங்கதான்.

மல்சுக்: நம்மளை முந்துறாங்க.

ஓக்சுன்: முந்தட்டும். நமக்கென்ன.

மல்சுக்: ஆமா, நமக்கென்ன...

ஓக்சுன்: நாம மெதுவாவே போவோம்.

மல்சுக்: கண்ணாடி போட்டவ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறா.

ஓக்சுன்: சிரிச்சாளா? புடிங்க அந்தத் தடியை!

மல்சுக்: வழி விடுங்கம்மா! வழி, வழி!

ஓக்சுன்: இடது பக்கமா வாங்க! முழங்கையைப் போடுங்க! அந்தக் குண்டம்மாவைச் சுத்தி... அப்படித்தான்!

மல்சுக்: இன்னும்... ரெண்டு படி...

ஓக்சுன்: உச்சி! வந்தாச்சு!

மல்சுக்: அப்பாடி! அவங்க மூஞ்சியைப் பாருங்க. சட்டையும் கத்திரிக்காய், மூஞ்சியும் கத்திரிக்காய்!

ஓக்சுன்: ...ஐயையோ. சம்பந்தி. நாம ஏறிட்டோம்.

மல்சுக்: ...ஏறிட்டோமே! நீங்கதான் முதல்ல. வாழ்த்துகள்.

ஓக்சுன்: பொய்! உங்க கால்தான் முதல்ல பட்டுச்சு.

மல்சுக்: உங்க தடி அதுக்கு முன்னாலயே பட்டுச்சு.

ஓக்சுன்: தடியெல்லாம் கணக்குல கிடையாது. ...உங்க ஃபோன் அடிக்குது. என் பையன்தான். நீங்க ஜெயிச்சதாச் சொல்லிடுங்க சம்பந்தி, கெஞ்சிக் கேக்கறேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து பண்டிகைன்னா அடுப்பு முன்னால குந்தி, மீன் அப்பமும் காய் அப்பமும் சுட்டுச் சுட்டு இடுப்பே போச்சு. இந்த ஒரு வருஷம் காலை நீட்டித் தூங்கணும்னுதான் தோக்கப் பார்த்தேன்.

மல்சுக்: அடிவாரத்துலயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நானும் அதே நினைப்புலதானே ஊர்ந்து ஊர்ந்து வந்தேன்! இருங்க... ஹலோ, மாப்பிள்ளையா? ஆமா மாப்பிள்ளை, உச்சியிலதான் நிக்கிறோம். யார் ஜெயிச்சதா? ரெண்டு பேருமே தோத்துட்டோம். பண்டிகைக்கு உங்க வீட்டுலயே அப்பம் சுட்டு வெய்யுங்க. நாங்க பசியோட வர்றோம்.