மாமனார் பெயர்

காரைக்காலிலிருந்து வரிச்சிக்குடி வழியாகப் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள். அக்கா பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“அங்க எனக்கு எங்க மாமனார் பேருடி,” என்றார் அக்கா.

“அது எப்படிக்கா?”

“குடும்பப் பேர் கேப்பாங்க. எங்க வீட்டுக்காரரு அவரோட அப்பா பேரைக் கொடுத்தாரு. பொண்டாட்டின்னு எனக்கும் அதையே எழுதிட்டாங்க. போன மாசம் தங்குறதுக்கான கார்டைப் புதுப்பிக்கப் போனேன். கவுண்டர்ல இருந்தவ பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு, முழுப் பேரையும் சொல்லுங்கன்னுட்டா.”

“நீதான் மாமனார் பேரை வாயால சொல்ல மாட்டியே.”

“இருபது வருஷமா சொன்னதில்ல. என் பேரை மட்டும் சொல்லிட்டு நிக்கிறேன். இது உங்க பாஸ்போர்ட்தானான்னு சந்தேகமாப் பாக்குறா. கார்டு இல்லன்னா அங்க இருக்க முடியாதே.”

“அதுலயே எழுதியிருக்கு, பாருங்கன்னு காட்ட வேண்டியதுதானே?”

“காட்டினேன். எனக்கும் படிக்கத் தெரியும், நீங்க சொல்லுங்கங்கறா. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிட்டேன். கார்டு வந்துடுச்சு. எனக்குத்தான் மனசு கேக்கல. மாமாவுக்குப் போன் போட்டு, தப்பு பண்ணிட்டேன்னு அழுதேன்.”

“திட்டினாரா?”

“இல்லடி. ‘எங்கம்மா போனதுலேர்ந்து என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லம்மா. எங்கிட்டயும் ஒரு தடவை சொல்லு’ன்னாரு.”

“சொன்னியா?”

“போன்ல வாய் வரல. அதான் நேர்ல போறேன்.”

வரிச்சிக்குடி நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். அக்காவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.