அள்ளித் தீத்தியது

"பிள்ளைக்கும் சோத்தை இப்பிடித்தான் வாய் நிறைய அள்ளித் தீத்துவியளோ, அண்ணை? நீங்கள் ஊத்தின ஊத்துக்கு ஈஸ்ட் எல்லாத்தையும் சாராயமாக்கிப் போட்டுது."

காங்கேசன்துறை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்ற நான் குனிந்து பார்த்தேன். பாணுக்குப் போடும் ஈஸ்ட் வளர்க்கிற தொழிற்சாலையின் சட்டை அணிந்த ஒரு பெண்ணும் நடுவயதுக்காரர் ஒருவரும் மத்தியான வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஈஸ்ட் தாங்கிக்குள்ளை சீனிப்பாணி துளித்துளியாத்தான் விழோணும். நேற்று ஆர் பைப்பை முழுக்கத் திறந்துவிட்டது?"

"எனக்கென்ன தெரியும், தங்கச்சி?"

"என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. காலமை அந்த அறையிலை மனேச்சருக்குச் சாராயம் மணந்திருக்கு. ஆரோ குடிச்சிட்டு வேலை செய்யினமெண்டு நினைக்கிறார். இண்டைக்கு எல்லாரின்ரை வாயையும் மணந்து பாப்பாராம். ஒருத்தரிலையும் மணக்காட்டி, தாங்கியைத்தான் பாப்பார்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பைப்பைத் திறந்தவனெண்டா வேலையாலை நிப்பாட்டுவார். குடிச்சவனெண்டா?"

"ஏசிப்போட்டு விட்டிடுவார். அவரும் குடிக்கிறவர்தானே. ஏன் கேக்கிறியள்?"

"சும்மா."

தொழிற்சாலைக்கு முந்திய தரிப்பில், மதுக்கடைக்கு எதிரே, அவர் அவசரமாக இறங்கினார்.

அவள் சன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"சோடாவைத் தவிர ஒண்டும் குடிச்சறியாத மனிசன் உவர்," என்றாள் என்னிடம்.